மூன்றாம் கட்டத்தில் மல்ஹா

மல்ஹாவின் ஆள்காட்டி விரல் முறிந்துவிட்டது என்று ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள். அவளுக்குச் சிகையலங்காரக் கடைக்காரி சொன்னாளாம். கடைக்காரிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கிதார் வாசிக்கும்போது டொக்கென்று சத்தம் கேட்டதாம். இனி ஜென்மத்துக்கும் அவளால் கியர் போட முடியாதாம்.

அஸாஸ்கா என்கிற இந்த மலையூரில் பெண்களுக்குப் பொறுமையாக வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறவள் அவள் ஒருத்திதான். வியாழக்கிழமை எனக்குத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டு தோற்றிருந்தேன். சூடான ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறினேன். கிதாரின் கழுத்தைப் பிடிப்பது இடது கை, இந்த நாட்டு வண்டிகளில் கியர் போடுவது வலது கை என்பது அவள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

"விரலா?" மல்ஹா இடது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்க, ஹிந்தியா. அஞ்சும் இருக்கு."

இந்தியாக்காரி என்பதால் இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மட்டும் கம்பிகள் பதிந்த கோடுகள் சிவந்து கிடந்தன. அதில் ஆலிவ் எண்ணெய் தடவியிருந்தாள்.

"டொக்குன்னு சத்தம் கேட்டுச்சாமே?"

"அது நான் பல்லக் கடிச்ச சத்தமா இருக்கும்" என்றாள். சமையலறைக்குள்ளிருந்து அவள் கணவர் மெஸியான் சிரிப்பது கேட்டது.

மல்ஹாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் அண்ணன் மார்செய்க்குக் கப்பல் ஏறியபோது விட்டுப்போன கிதார் அது. இங்கே ஆண்கள் காபிக் கடையிலும் கல்யாணத்திலும் கிதார் வாசிப்பார்கள். பெண்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் சமையலறையில் வாசிப்பார்கள். மல்ஹாவும் பதினாறு வயதிலிருந்து அடுப்பில் கூஸ்கூஸ் வேகிற நேரத்தில்தான் வாசித்து வந்தாள். ஒருமுறையாவது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மருதாணிப் பாட்டுப் பாடும்போது நடுவில் தன் கிதாரோடு உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வட்டத்துக்குத் தலைவி ஃபெத்தா அக்கா. பெந்தீர் என்கிற வட்டப் பறை அவர் கையில் இருந்தால் கிழவர்கள்கூடத் தோளை அசைப்பார்கள். கிதாரை அவர் பறைக்குத் தொல்லை என்று நினைப்பவர்.

வசந்தத்தில் ஒரு கல்யாணத்து மருதாணிச் சடங்கில் மட்டும் மல்ஹாவைச் சேர்த்துக்கொண்டார். அன்று மல்ஹா செய்த காரியத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தின் நுனியில் பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற நாலைந்து கார்டுகள். பாடுகிறவர்களின் சுருதி மாறினால் ஒரு கிடுக்கியைக் கம்பிகளின் மேல் மாட்டிச் சமாளிப்பாள். மெஸியான் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பையும் ரப்பர் வளையத்தையும் வைத்துச் செய்துகொடுத்த கிடுக்கி. சமையலறைக்கு அது போதும். ஆனால் மருதாணிப் பாட்டை எடுத்துக் கொடுக்கிற பெண்கள் யாரையும் கேட்டுக்கொண்டு தொடங்குவதில்லை. வாய்க்கு எந்தச் சுருதி வருகிறதோ அதுதான் சுருதி. தொடங்கிவிட்டால் மணப்பெண்ணின் உள்ளங்கையில் மருதாணி வைத்து முடிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

மல்ஹா நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம், கிடுக்கிய நகத்திக்கறேன்" என்று கையை உயர்த்தினாள். எதிரே கிளட்ச்சை மிதிக்கத் தெரியாத மாணவி இருப்பதுபோல. பாட்டு அறுந்தது. மணப்பெண்ணின் அம்மா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஃபெத்தா அக்கா மட்டும் அடுத்த மூச்சிலேயே பாட்டை எடுத்துவிட்டார். முடிந்ததும் மல்ஹாவைப் பார்த்து, "அடியே, அத பீரோ மேல வை. தூசி படாம துணி போட்டு வை" என்றார்.

அன்றிலிருந்து அவள் தெருவில் போனால், "சிவப்பு விளக்கு வருது, எல்லாரும் நில்லுங்கடி!" என்று யாராவது கத்துவார்கள். மல்ஹாவும் நின்று, கையைக் காட்டி, "ம், இப்ப போலாம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சடங்கு நடந்த அன்றே வீட்டுக்கு வந்து கிடுக்கியைக் குப்பையில் போட்டிருந்தாள்.

கிடுக்கியின் வேலையை விரலே செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கப் போட்டு அழுத்தி, அதற்கு முன்னால் மற்ற விரல்களால் கார்டைப் பிடிக்க வேண்டும். பிடி மாறாது. கழுத்திலுள்ள கட்டங்களில் கையை அப்படியே நகர்த்தினால் சுருதி நகரும். சொல்வதற்கு எளிது. வாசித்தால் ஆறு கம்பியில் நாலு கம்பி டப்டப்பென்று செத்த சத்தம் போடும். வண்டியில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதும் தன் வலது கை மணிக்கட்டின் மேல் இடது விரலை அழுத்திப் பயிற்சி செய்துகொண்டிருப்பாள். நான் லாரியை முந்தும்போது அவள் முகம் சுளித்தால் எனக்காகவா கம்பிக்காகவா என்று தெரியாமல் எனக்கு வியர்க்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் மெஸியான். அவர் குழாய் வேலை செய்பவர், கிதாரைத் தொட்டதுகூட இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"கத்துக்க வர்றவங்கள என்னன்னு திட்டுவ?"

"எதுக்குய்யா இப்ப?"

"சொல்லு."

"ஸ்டியரிங்கோட கழுத்த நெரிக்காதன்னு திட்டுவேன்."

"இப்ப நீ எதோட கழுத்த நெரிக்கற?"

மல்ஹா அவர் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கட்டைவிரலைத் தளர்த்தி, முழங்கையின் கனத்தைக் கீழே தொங்கவிட்டு, விரலைக் கொஞ்சம் எலும்புப் பக்கமாகத் திருப்பினாள். ஆறு கம்பியும் பேசின. அவள் போட்ட சத்தத்தில்தான் கீழ்வீட்டுக்காரி எதையோ கேட்டு, எங்கேயோ சொல்லி, அது விரல் முறிவாக ரொட்டிக் கடைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

நான் ரொட்டியோடு ஓடிப்போன அன்று எனக்கும் வாசித்துக் காட்டினாள். "இது மி பிடி. இத மூணாம் கட்டத்துல வச்சா ஸோல். அஞ்சாம் கட்டத்துக்கு இழுத்தா லா. இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம். ரோடு மாதிரி." மி, ஸோல், லா என்பவை இங்கே சுரங்களின் பெயர்கள். "இதவிட ஒரு திருட்டு வேல இருக்கு, பாரு" என்றாள். விரலை மூன்றாம் கட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுக்காமல், மற்ற விரல்களை ஒரு கம்பி தள்ளி வைத்து ஒரு விரலைக் கூடச் சேர்த்தாள். "இது லா பிடி. கை அதே எடத்துல. ஆனா சுருதி எங்கயோ மேல போயிடுச்சு. பொண்ணு வீடு கீழ பாடினா மி பிடி, மாப்பிள வீடு மேல பாடினா லா பிடி. கியர மாத்தறேன், வண்டி நிக்கல."

வியாழக்கிழமை நான் தேறினேன். வெள்ளிக்கிழமை நான் மல்ஹா வீட்டில் இருந்தபோது ஃபெத்தா அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர் கண் அறுவை சிகிச்சைக்காகத் திஸி உஸூ நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். திஸிரி என்ற மணப்பெண்ணின் மருதாணிச் சடங்குக்கு அவரால் வர முடியாது. மல்ஹா காதில் போனை வைத்திருந்தபோதும் எனக்குக் கேட்குமளவுக்கு அவர் குரல் இருந்தது.

"அடியே, நீ போ. பாட்டு நடக்கறப்ப நான் போன் பண்ணுவேன். எடுத்து அப்படியே தரையில வை, பேசாத. நான் கேக்கணும். நல்லா இருந்தா இந்தக் கோட முழுக்க எல்லாக் கல்யாணத்துக்கும் என் பக்கத்துல உக்காரு."

"நல்லா இல்லேன்னா, அக்கா?"

"பீரோ எங்கயும் போயிடலையே."

திஸிரி வீட்டுக் கூடத்தில் பொழுது சாய்கிற நேரத்துக்குப் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தலைமை ஸெகூரா என்ற ஒல்லியான பெண். மல்ஹாவின் கிதாரைப் பார்த்ததும், "இது யாரு, ஆம்பளைங்க கூடத்துக்குப் போறதுக்கு வழி தெரியாம வந்துட்டாங்களா?" என்றாள்.

"வழி கேட்டா என்கிட்டதான் கேக்கணும். லைசென்ஸ் இருக்கு" என்றாள் மல்ஹா. கூடம் சிரித்தது. ஸெகூராவும் சிரித்துவிட்டாள்.

மருதாணித் தட்டை ஏந்தி நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். வெளியூர்க்காரி கை ராசி என்று யாரோ சொன்னார்கள். எரிகிற மெழுகுவத்தியும் முட்டையும் கரைத்த மருதாணியும் இருந்த தட்டு. பாட்டு முடிகிற வரைக்கும் அதைக் கீழே வைக்கக் கூடாது என்றார்கள். மல்ஹாவின் கைப்பை என் காலடியில் இருந்தது.

பெண் வீட்டார் கீழ்ச் சுருதியில் எடுத்தார்கள். மல்ஹா தலையைச் சாய்த்துக் கேட்டாள். விரல் கழுத்தில் மெல்ல வழுக்கியது. மூன்றாம் கட்டத்தில் நின்றது. கிதார் குரல்களுக்கு அடியில் பாய் விரித்ததுபோலப் பரவியது. அடுத்த அடியை ஸெகூரா மேலே பிடுங்கிக்கொண்டு போனாள். கூடமே மல்ஹாவின் கையைப் பார்த்தது. கை நகரவில்லை. பிடி மட்டும் மாறியது, கிதார் ஸெகூராவின் குரலோடு போயிற்று. குலவைச் சத்தம் கிளம்பியது. ஒரு கிழவி, "பச்சை விளக்குடி!" என்று கத்தினாள்.

கீழே, மேலே, கீழே, மேலே. இரண்டு வீடும் ஒருவரையொருவர் குத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். திஸிரியின் உள்ளங்கையில் முதல் மருதாணி விழுந்தது. அப்போது என் காலடியில் கைப்பை அதிர்ந்தது.

வாய் திறந்திருந்த பையில் போனின் வெளிச்சம் தெரிந்தது. ஃபெத்தா அக்கா. இரண்டு கையிலும் தட்டு. பறை அடிக்கிறவர்கள் பறையை விட முடியாது, மற்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மல்ஹாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவளும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு கை நீட்டினால் அவளுக்கு எட்டும் தூரம். இடது கையை எடுத்தால் கார்டு போகும், வலது கையை எடுத்தால் தாளம் போகும்.

"மல்ஹா! ஃபெத்தா அக்கா!" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஸெகூரா குறும்பாகச் சிரித்துக்கொண்டு சுருதியை இன்னும் ஒரு படி ஏற்றினாள். பெண் வீட்டார் விடாமல் தாங்களும் ஒரு படி ஏறினார்கள். மல்ஹா பையிலிருந்து கண்ணை எடுத்தாள். விரல் ஆறு கம்பியின் மேலும் படுத்தபடியே ஐந்தாம் கட்டத்துக்குச் சறுக்கியது.

"அடிக்கட்டும், விடு!" என்று பாட்டுக்கு நடுவே, பாட்டின் தாளத்திலேயே கத்தினாள்.

மெழுகு என் கட்டைவிரலில் சொட்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.