குளித்துவிட்டு வந்த வாசம்

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, வீட்டை விட்டுப் போன அன்று புதன்கிழமை. பெரியம்மாவுக்குக் காலை ஷிப்ட். ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில், சூடாக உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. மதியம் வீடு திரும்பியபோது குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. மகளின் ரோஸ் நிற சோப்பில் நுரைகூடக் காயவில்லை. பெட்டியும் செருப்பும் இல்லை. பெரியப்பா கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கே அவ?"

"போயிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

அவர் பேசி முடித்த இடத்தில் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அது ஊருக்கே தெரிந்த சண்டை. ஆனால் அப்படிச் சொன்ன பிறகும் ஒரு மாதம் வீட்டில்தானே இருந்தாள்? தான் இல்லாத அந்தக் காலை நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டாள், சண்டை போட்டாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அந்த சோப்பை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அது காய்ந்து, வெடித்து, வாசமெல்லாம் போய், குளியலறைத் தட்டில் கூழாங்கல் மாதிரி கிடந்தது. அக்காவின் போன் நம்பர் மாறியது. எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று அவளுடைய தோழி ஒருத்தி ஒரே ஒரு முறை சொன்னாள். அவ்வளவுதான்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது பெரியம்மா வீட்டில்தான் வந்து இறங்கினேன்.

"வந்துட்டாளா, கால்ல சக்கரம் கட்டினவ," என்று பையை வாங்கிக்கொண்டாள். பெரியப்பா குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டது. ஆள் நிழலாகத்தான் தெரியும்.

பையில் பெரியம்மாவுக்கென்று ஒரு சின்ன சென்ட் பாட்டில் வைத்திருந்தேன். எங்கோ ஒரு துறைமுகத்துக் கடையில் மூடியைத் திறந்ததும் அக்கா ஈரத்தலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பால், ரோஜா, கொஞ்சம் பவுடர், அதே சோப்பு.

பெரியம்மா முகர்ந்தாள். கீழே வைத்தாள். "இதை ஏன்டி கொண்டாந்தே?" என்றாள். மறுநாள் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

லாண்டரியில் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். எதிர் முனையில் நின்றவள் கிட்டே வந்ததும் மூக்கை உறிஞ்சினாளாம்.

"என்னக்கா, இந்த வயசுல யாரை மயக்கறதுக்கு?"

"உன் புருஷனைத்தான். அவனுக்கு மூக்கடைப்பாமே, அதான் யோசிக்கறேன்."

சிரிப்பு அன்றோடு முடிந்தது. துணியில் வாசம் ஏறினால் ரூமில் தங்குகிறவர்கள் புகார் செய்வார்கள் என்று சூப்பர்வைசர் தடுத்துவிட்டார். அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்து, பிறகுதான் பூசிக்கொள்வாள்.

அப்படி முதல் சாயங்காலம் குளித்துப் பூசிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது, நாற்காலியில் இருந்த பெரியப்பாவின் தலை திரும்பியது.

"வந்துட்டியாம்மா?"

மனைவியை அவர் 'இந்தா' என்பார், கோபம் வந்தால் 'ஏய்' என்பார். 'அம்மா' என்று அழைத்தது மகளை மட்டும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அந்த வாசத்தோடு பேசினார். தன் பழைய பஸ்ஸைப் பற்றி, போன கண்ணைப் பற்றி. பெரியம்மா மூச்சு விடாமல் நிற்பாள். எனக்கே சில நாள் குளியலறைக் கதவு திறக்கும்போது அக்காதான் வருகிறாள் என்று தோன்றும். திரும்பினால் பெரியம்மா, தலையில் துண்டோடு.

ஒரு நாள் அவரே சொன்னார்.

"அன்னிக்கு நீ குளிச்சுக்கிட்டிருந்தே. கதவுக்கு வெளியே நின்னு சொன்னேன், நல்லா குளி, நானும் உன்னைத் தலைமுழுகிட்டேன்னு. தண்ணிச் சத்தத்துல உனக்குக் கேக்காதுன்னு நினைச்சேன்." நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டார். "தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு."

பெரியம்மாவுக்கு இத்தனை வருஷமும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பதில்.

"கோபம் போயிடுச்சுன்னா கையைக் குடு. பேச வேணாம்."

நீட்டிய கை காற்றில் அப்படியே நின்றது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன்; கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நடந்து போய் அந்தக் கையில் தன் கையை வைத்தாள்.

சோப்புத் தூளில் வெடித்து, சூட்டில் காய்த்துப்போன கை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அறிந்த கை. விரல்களால் அதைத் தடவிப் பார்த்தார். விடவில்லை.

அடுப்படிக்கு வந்ததும் பெரியம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவ கோபத்தை நான் யாருடி, போயிடுச்சுன்னு சொல்ல?"

"அப்புறம் ஏன் பெரியம்மா குடுத்தீங்க?"

"நீட்டின கையை அவரு இறக்கவே இல்லையே, பாக்கலையா நீ? நாளைக்கு அவ வந்து, உன்னை யாரு கேட்டான்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு பெரியப்பா வாசத்தோடு பேசவில்லை. இரவில் நன்றாகத் தூங்கினார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படியே தூக்கத்தில் போய்விட்டார். பெரியம்மா பாட்டிலை இறுக மூடி, காய்ந்த சோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி வைத்தும் அவருடைய நாற்காலிக் கைப்பிடியில் அந்த வாசம் இருந்தது. யாராவது குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால், பெரியம்மா செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பாள்.

நான் மறுபடி இரண்டு ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தேன். பெரியம்மா போனை என் கையில் திணித்தாள். "எனக்கு எழுத்தெல்லாம் கலங்குது. நீ படி."

"அம்மா, நான்தான். நம்பர் மாறியிருக்குமோன்னு பயந்துக்கிட்டேதான் அனுப்பறேன். நேத்து பஸ்ஸில ஒரு பொம்பளை பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. அப்படியே உன் கை வாசம். சின்ன வயசுல என்னைக் குளிப்பாட்டிட்டு அந்தச் சொரசொரப்புக் கையால முகம் துடைப்பியே, அது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன். அப்பா அன்னிக்குச் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு, போகலை. அதை அவர்கிட்ட சொல்லாதே. கேட்டாருன்னா, கோபம் போயிடுச்சுன்னு நீயே சொல்லிடு."