பக்கத்து சீட்டில் ஒரு பை

அம்மாவும் அவருடைய சிநேகிதியும் பரவையில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். சிம்மக்கல்லில் பஸ் நின்றதுமே சிநேகிதி சன்னல் வழியாகப் பையைப் போட்டு அம்மாவுக்கும் இடம் பிடித்துவிடுவார்.

அம்மா இறந்த மறுமாதம், வீட்டில் கிடந்த பள்ளிக்கூட பீரோ சாவியைக் கொடுப்பதற்காக அதே பஸ்ஸில் ஏறினேன். சிநேகிதி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் பை. நின்றவர்களிடம் “ஆளு வருது” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அடக்கம் முடியும்வரை கூடவே இருந்தவர், மறந்துவிட்டாரா? அதையும் நானேதான் சொல்லித் தொலைக்க வேண்டுமா?

என்னைக் கண்டதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “உக்காருத்தா. அவ வரமாட்டான்னு தெரியும். எடம் போடாம என்னால ஏற முடியல.”

பரவையில் இறங்கும்போது, “நாளைக்கும் வாரியா?” என்று கேட்டார்.

“வாரேன்” என்றேன். சாவியை அன்றைக்குக் கொடுக்கவில்லை.