புதுவாயல் வரைக்கும் கதை

திருப்பாச்சூரில் கம்பெனி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுகிறவள் விக்டோரியா. ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள். அந்த சீட் அவளுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டால், மொத்த பஸ்ஸும் கனைத்துக் கனைத்தே அவளை எழுப்பிவிடும்.

கும்மிடிப்பூண்டியில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. பட்டையை வெளிச்சத்தில் பிடித்து விரலால் ஒரு ஓட்டு ஓட்டுவாள். தேறினால் பச்சைக் கூடை, தேறாவிட்டால் சிவப்புக் கூடை. கண்ணுக்குக் கண்ணாடி வந்தாயிற்று, விரல் மட்டும் இன்னும் ஏமாறவில்லை. புருஷன் இம்மானுவேல் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பது விக்டோரியாதான். அவள் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட எழுந்து நிற்பார்.

இவ்வளவையும் அவளுக்குத் தந்தது ஒரு நாவல் என்பது அவளுடைய கட்சி. பத்தாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பரிசு அது. அவள் அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த பழைய நாவல். மரகதம் என்று ஒரு பெண். தாய் தகப்பன் இல்லாமல் மாமன் வீட்டில் வளர்கிறாள். பக்கத்து ஊர் ஹைஸ்கூலில் சேர ஆசை. அங்கே போக சைக்கிள் தெரிய வேண்டும். ஏரிக்கரையில் திருட்டுத்தனமாக சைக்கிள் பழகுகிறாள். அத்தையிடம் பொய் சொல்கிறாள், மாட்டிக்கொள்கிறாள், அடி வாங்குகிறாள், மறுநாள் மறுபடியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அம்மாவோடு அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த விக்டோரியாவுக்கு, நாமும் வேறு எங்காவது போகலாம் போலிருக்கிறதே என்ற நினைப்பே இதைப் படித்த பிறகுதான் வந்தது. கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றாள்.

அந்த நாவலை மகள் ஷைனி காலேஜ் லீவில் பத்துப் பக்கம் படித்துவிட்டு டி.வி. மேல் வைத்துவிட்டாள்.

"போர்மா. ஒரு சைக்கிளுக்கு இம்மாம் சீனா? இப்ப ஸ்கூல்லயே சும்மா குடுக்குறாங்க."

விக்டோரியாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுசு பூராவும் பச்சைக் கூடையில் வைத்திருந்தது சிவப்புக் கூடைச் சரக்குதானோ என்று மனசு அரித்தது. மகள் ஒருத்தி சொன்னதை வைத்துத் தள்ளவும் முடியவில்லை, தள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் படித்துப் பார்ப்போம், நாற்பது பெண்களுக்கும் பிடிக்கவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது என்று ஒத்துக்கொண்டு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவோம் என்று முடிவுக்கு வந்தாள்.

பஸ்ஸில் மைக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதிக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் அது. டிரைவர் துளசிராமனுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். இருந்தாலும் விக்டோரியா கேட்டதும் மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

காலையில் போகும்போது ஒரு அத்தியாயம், சாயந்தரம் திரும்பும்போது அடுத்த அத்தியாயம். திருவள்ளூர்ப் பெண்களும் வெங்கல் பெண்களும் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டார்கள். வெங்கல் அருணா இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஆனால் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், புதுவாயலிலும் அதற்குப் பிறகும் ஏறுகிற கூட்டத்துக்கு மரகதத்தைக் கண்டாலே ஆகவில்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கங்கம்மா. புதுவாயலில் சொந்த நெல்வயல் உள்ள குடும்பம், பேச்சிலும் மிளகாய் விளையும்.

"இன்னா பொண்ணு இவ? எப்போ பாத்தாலும் பொய் சொல்லிக்கினு, ஒதை வாங்கிக்கினு. அந்த அத்தக்காரி அடிக்கிறதுல தப்பே இல்ல. நீயும் பைபிள் படிக்கிற மாதிரி நீட்டி நீட்டிப் படிக்கிறே. பாட்டுப் போட்டா ரவ தூக்கமாவது வரும்."

பேச்சு முற்றி, சனிக்கிழமை காலை கம்பெனி வாசலில் கை தூக்கச் சொன்னார் துளசிராமன். கதைக்கா, பாட்டுக்கா? விக்டோரியா எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. முன் சீட்டுகளில் எல்லாக் கையும் கதைக்கு. பின் சீட்டுகளில் எல்லாக் கையும் பாட்டுக்கு. பின்னால் இருந்த கைகளே அதிகம், பாட்டு ஜெயித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் ஏறுகிறவர்கள். பின்னால் இருப்பவர்கள் கடைசியில் ஏறுகிறவர்கள். காலையில் புதுவாயல் வருவதற்குள் அத்தியாயம் முக்கால்வாசி முடிந்திருக்கும். கங்கம்மாவின் காதில் விழுவது அடியும் அழுகையும் மட்டும். சாயந்தரமோ அடுத்த அத்தியாயம் சூடு பிடிப்பதற்குள் கங்கம்மா கோஷ்டி இறங்கிவிடும். காலையில் தலை இல்லை, மாலையில் வால் இல்லை. ஒரு மாதமாக இப்படித்தான் பரிமாறியிருக்கிறாள். முதலில் ஏறிக் கடைசியில் இறங்குகிறவளுக்குக் கதை முழுசாகத்தானே தெரியும். தன் மடத்தனத்தை நினைத்து விக்டோரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் தோற்ற பிறகு காரணம் சொன்னால் யார் கேட்பார்கள்? துளசிராமன்தான் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"அம்மா, முன்னாடி கீறவங்க கேக்கணும்னு கேக்குறாங்க. பின்னாடி கீறவங்க வேணான்றாங்க. புதுவாயல் வரிக்கும் கதை. புதுவாயல் தாண்டுனா பாட்டு. ரெண்டு பேருக்கும் பேஜாரு இல்ல."

அப்படியே நடந்தது. புதுவாயலில் கங்கம்மா ஏறும்போது மைக் அணைந்து பாட்டு ஆரம்பிக்கும். கங்கம்மா ஜெயித்த களையோடு கண்ணை மூடிக்கொள்வாள்.

தூக்கம்தான் வரவில்லை. காதோடு போகிற வரைக்கும் வேண்டாத சங்கதி, மூடி வைத்தால் எட்டிப் பார்க்கச் சொல்கிறது. கேன்டீனில் அருணா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைய கதையைச் சொல்வாள். புதுவாயல் பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு நகர்ந்தார்கள். கங்கம்மா நகரவில்லை. காதை மட்டும் அனுப்பினாள்.

"ஸ்கூல்ல சேரத்தான் சைக்கிள் கத்துக்குறாளா? அதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே," என்றாள் ஒருநாள், தட்டைப் பார்த்தபடியே.

பக்கத்தில் இருந்த மணியம்மாள், அவளும் புதுவாயல்காரிதான், சிரித்துவிட்டாள். "பொய் சொல்றான்னு அந்தப் பொண்ணை அந்தத் திட்டு திட்டுனியே? நீ மட்டும் இன்னா? டைலரிங் கிளாஸ் போறேன்னு மாமனாராண்ட சொல்லிட்டுத்தானே மொத மாசம் கம்பெனிக்கு வந்தே?"

"அது வேற," என்றாள் கங்கம்மா. எப்படி வேறு என்று மணியம்மாள் கேட்டதற்கு ரசம் வாங்க எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பெரியபாளையம் நிறுத்தத்தில் துளசிராமன் பிரேக்கைக் கொஞ்சம் ஓங்கியே மிதித்துவிட்டார். புதுவாயலில் ஏற வேண்டிய கங்கம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். விடிந்தும் விடியாமலும் டவுன் பஸ் பிடித்து, வேலைக்குப் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த் திசையில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"அம்மனுக்கு நேந்துக்கினேன்," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து பாக்கணும்னு. பாத்துட்டு இப்பிடியே ஏறிக்கினேன்."

விக்டோரியாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விக்டோரியா மைக்கை எடுத்தாள். அப்போது அருணா கங்கம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியபாளையத்து அம்மனைப் பார்த்துவிட்டு வருகிறவள் நெற்றியில் வழக்கமான ஸ்டிக்கர் பொட்டு. குங்குமம் மருந்துக்கும் இல்லை. அருணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விக்டோரியாக்கா," என்றாள் மூச்சு வாங்க, "இன்னிக்கு அத்தியாயம் இருக்கட்டும். அந்த விளக்குப் போடப் போன கதையை ஒருதபா படிங்க."

விக்டோரியா ஒன்றும் புரியாமல் பின்னால் புரட்டினாள். மரகதம் முதன்முதலாக மாட்டிக்கொண்ட அத்தியாயம் அது. அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறாள். விக்டோரியா பூசைக் குரலில் வாசித்தாள்.

"அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோயிலுக்குப் போனேன் என்கிறாயே, நெற்றியில் குங்குமம் எங்கேடி என்றாள்."

கங்கம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

மொத்த பஸ்ஸும் சிரிப்பில் வெடித்தது. திருவள்ளூர்க்காரிகள் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். துளசிராமனுக்கு ஸ்டியரிங் ஆடியது. அடியையும் அழுகையையும் கேட்ட கங்கம்மா, மரகதம் எப்படிப் பிடிபட்டாள் என்பதை மட்டும் கேட்டதே இல்லை. அந்த நேரத்தில் அவள் புதுவாயலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருந்தால் ஒரு சிட்டிகை குங்குமமாவது வைத்துக்கொண்டு வந்திருப்பாள். அவளும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். முறைப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"எழுதுனவன் எமகாதகன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் காலத்துலயே என்னைப் பாத்துக்கினு எழுதிக்கீறான்."

புதுவாயல் வந்தது. மணியம்மாளும் மற்றவர்களும் ஏறினார்கள். கங்கம்மா உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மணியம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். துளசிராமனின் கை பழக்கத்தில் பாட்டுப் பொத்தானுக்குப் போனது.

"அண்ணே, பாட்டு வேணாம், உடுங்க," என்றாள் கங்கம்மா. பிறகு முன் சீட்டின் முதுகைத் தட்டினாள். "விக்டோரியா, கதை நல்ல கதைதான். நீ போட்டதுதான் சரியில்ல. எங்களுக்கு அடி ஒதையை மட்டும் போட்டுட்டு, நல்லதெல்லாம் அவங்களுக்கு வச்சிக்கினே. இனிமே புதுவாயல் தாண்டி எங்களுக்கு மொதல்லருந்து படி."

"நாங்க அதெல்லாம் கேட்டாச்சுக்கா," என்றாள் அருணா.

"கேட்டவங்க தூங்குங்க."

விக்டோரியா சிரித்துக்கொண்டே முதல் அத்தியாயத்துக்குப் புரட்டினாள். எத்தனையோ ஈஸ்டர் பூசையில் பிசிறில்லாமல் வாசித்தவள், முதல் வரியிலேயே தடுக்கினாள். கங்கம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவள் மறுபடி ஆரம்பித்தாள். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்த பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை.