விறகுக் கொட்டிலில் ஒன்பது நாள்

நான்கு ஓரமும் கறுப்புக் கரை அடித்த ஓர் உறையைத் தபால்காரர் வாசல் படலைக்கு வெளியே நின்று என் கையில் தந்தார். அதுவரை அந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் சிவப்பும் நீலமும் கலந்த கரை போட்ட உறைகள்தான். விலாசத்தின் மேலே இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். முன்னறையில் காய்ச்சலோடு படுத்திருந்தவருடைய பெயர். கறுப்புக் கரை என்றால் இழவு. எங்கள் தோட்டத்தில் இழவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்றே வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுப் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போவார்கள். எனக்கு வேறு யோசனை வரவில்லை. படலைக்குப் பக்கத்தில் விறகுக் கொட்டில் இருந்தது. அதன் கூரைத் தகரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் இடையில் உறையைச் செருகி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அது டீச்சருடைய வீடு. கண்டி வாவிக்கு மேலே, ஏறி வருபவர்கள் இரண்டு தரமாவது நின்று மூச்சு வாங்கும் ஒரு சரிவில் இருந்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து, பிள்ளைகளும் வெளிநாடு போனபின் இரண்டு அறைகளை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, இருபது வயதில் அங்கே சமையலுக்கும் துப்புரவு வேலைக்கும் வந்தவள். புதியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில் கூடச் சாமானைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். வீட்டுக் கதை வெளியே போகாது என்று டீச்சருக்கு அது பிடித்திருந்தது.

தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. ஐரோப்பாவிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் லொறியிலுமாகத் தரை வழியாகவே இந்தியா வந்து, அங்கிருந்து கப்பலேறி வருவார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று முதுகில் ஒரே ஒரு பையோடு சுற்றுகிறவர்கள். வழியில் யாராவது டீச்சருடைய விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை அவர்கள் ஊருக்கு எழுதிப் போடுவார்கள். இன்ன மாதம் இங்கே இருப்பேன், இங்கே கடிதம் போடுங்கள் என்று. எங்கள் வீட்டை அவர்கள் காண்பதற்கு முன்பே அவர்களுடைய கடிதம் வந்து காத்திருக்கும். வானொலிப் பெட்டிக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரத்தில் அவற்றைப் போட்டு வைப்பது என் வேலை. படலை திறந்து வருகிற எவரும் தண்ணீர் கேட்கும் முன்பு அந்தத் தகரத்தைத்தான் கேட்பார்கள்.

காய்ச்சலில் கிடந்தவர் ஜேர்மனிக்காரப் பெண். முப்பது வயதிருக்கும். வீட்டை விட்டுப் புறப்பட்டு மூன்று வருஷமாகிவிட்டது என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண்களைத் துரைசாணி என்பதுதான் வழக்கம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் தன் துணியைத் தானே துவைப்பார். காலையில் பாணும் சம்பலும், இரவில் மிஞ்சிய பாணும் பருப்பும். பஸ் போகும் இடத்துக்கெல்லாம் நடந்து போவார். கம்பளை வரை ஒரு நாள் நடந்து போய், திரும்பி வரும்போதுதான் ரயில் ஏறினார். கொஞ்சமாகச் செலவழித்தால் மெதுவாகத்தான் போக முடியும், மெதுவாகப் போனால்தான் தூரம் போக முடியும் என்பது அவர் கணக்கு. பாரம் குறைப்பதில் ஒரு கண்டிப்பு இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்திருந்தார். வழிகாட்டிப் புத்தகத்தில் கடந்து வந்த நாட்டின் பக்கங்களைப் பிய்த்து, எதிர்த்திசையில் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் வாசித்து முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடுவார்.

அதில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. கடிதம் எழுதுவது எப்போதும் அவருடைய அக்கா. தகப்பனாருக்கு மகள் இப்படிப் போனதில் சம்மதமில்லை, அவர் தனியாக எழுதுவதில்லை. ஆனால் அக்கா எழுதிய தாளின் அடியில் ஒரு வரி மட்டும் போடுவார். பனி இத்தனை விரல் உயரம், ஆப்பிள் மரம் பூத்துவிட்டது, இன்று மூன்றாம் தடவை மழை. அவ்வளவுதான். துரைசாணி அந்த அடித்துண்டைக் கத்தரித்து வைத்துக்கொள்வார். பதினைந்து இருபது துண்டுகள் கடவுச்சீட்டுக்குள் இருந்தன. ஒரு நாள் அவற்றைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, மதுரைப் பக்கம் மூன்று மாதம் இருந்து பொறுக்கிய தமிழில் எனக்குச் சொன்னார். நான் கடவுச்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாட்டு முத்திரைகள். இலங்கையா இந்தியாவா என்று தீராமல், எங்கள் குடும்பத்துக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரமும் கைக்கு வரவில்லை.

தோட்டத்தில் திருவிழா வந்தபோது என்னோடு வருகிறேன் என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், லயத்தின், வாசலில் பையை இறக்கிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளைத் தானே பிடுங்கிப் போட்டார். அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"இதுவா தொரசாணி? பழய தொரசாணி பங்களாவுல குதிர ஏறி வரும். இது தோட்டத்துல வேலைக்குப் பேரு பதியாத ஆளு மாதிரியில்ல ஊரூரா அலயுது."

லயமே சிரித்தது. நான் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஆமாம், பெயர் பதியவில்லை என்று அவரும் சிரித்தார். அன்று பின்னேரம் தொடங்கிய மழை விடவில்லை. நனைந்துகொண்டே ஐந்தாறு கட்டை தூரம் நடந்து பஸ் பிடித்தோம். இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் அந்தக் கறுப்புக் கரை உறை வந்தது.

டீச்சரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கொட்டிலுக்குப் போய் உறையைத் தொடாமலே பார்த்துவிட்டு வந்தார். கையெழுத்து அக்காவுடையதுதான் என்றார். அப்படியென்றால் போனது தாயோ, தகப்பனோ.

"இப்ப குடுக்காதை, பிள்ளை. காய்ச்சல் விடட்டும். ரெண்டு வாய் சோறு உள்ள போகட்டும்" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது. இருவரும் சாதாரணமாக எதிலும் ஒத்துப்போகிறவர்கள் அல்ல. காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தார். அன்றைக்குக் கொடுத்திருக்கலாம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையில் கொடுப்பதோ என்று டீச்சர் கேட்டார். சனிக்கிழமை, நீதானே வாங்கினாய், நீயே கொடு என்றார். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும், நீங்கள் கொடுங்கள் என்றேன்.

"அழுறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்று டீச்சர் கேட்டுவிட்டு, தானும் போகவில்லை.

ஒவ்வொரு நாளும் தபால்காரர் போனபின் துரைசாணி தலையைத் தூக்கி, "லெட்டர்?" என்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பேசாதவளுக்குப் பொய் சொல்வது லேசு. வாயே திறக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் அவர் ஒன்று செய்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தகப்பனாருக்கு நேராகக் கடிதம் எழுதினார். காய்ச்சலில் கிடந்தபோது அவர் ஞாபகம் வந்தது என்றார். கண்டியில் மழை எப்படிப் பெய்கிறது, எந்த நேரம் மூடுபனி வாவியில் இறங்குகிறது என்றெல்லாம் எழுதியதாகச் சொன்னார். மூன்று ஏரோகிராம். மூன்றையும் நான்தான் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். செத்தது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஒருவருடைய தாய் செத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

எட்டாம் நாள் அவர் பையைக் கட்டத் தொடங்கினார். கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல். அங்கே இரண்டு வருஷம் பண்ணைகளில் வேலை செய்துகொண்டு சுற்றுவது என்று ஏற்பாடு. அக்காவின் கடிதம் பிந்தி வந்தால் அனுப்பி வைக்கும்படி டீச்சரிடம் புதிய விலாசத்தை எழுதிக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டு வாசித்து, மடித்து வைத்தார். அன்று இரவு டீச்சர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ரயிலுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. பயணம் புறப்படுகிறவரிடம் இழவுச் செய்தி சொல்லக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். ஆனால் அவர் போகும் திசை பிழையாக இருந்தால்? வீட்டார் கூப்பிட்டு எழுதியிருக்க, இவர் கப்பலேறி இன்னும் தூரமாகப் போய்விட்டால்? எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். முன்னறை வாசலில் போய் நின்று, வரும்படி கையைக் காட்டினேன். ஏன் என்று கேட்காமல் வந்தார். படலைக்கு வெளியே கூட்டிப்போய், கொட்டிலில் இருந்த உறையை எடுத்து நீட்டினேன். ஒன்பது நாள் மழைச் சாரலில் உறை ஊதிப்போயிருந்தது. கறுப்பு மை கரைந்து ஓரங்கள் சாம்பல் நிறமாகியிருந்தன.

அவர் உடனே பிரிக்கவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்தார். எப்போது வந்தது என்று கேட்டார். பின்னால் ஓடி வந்த டீச்சர், இன்றைக்குத்தான் வந்தது என்று இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி ஈரமான உறையையும், அதன் பின்பக்கத்தில் இருந்த கண்டித் தபால் முத்திரையையும் பார்த்தார். பிறகு டீச்சரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என் லெட்டர். உங்க லெட்டர் இல்லை."

நின்றபடியே வாசித்தார். அழவில்லை. அடியில் தகப்பனாரின் வரி இருக்கும் இடத்துக்குக் கண் போனதைக் கண்டேன். வெறும் தாள். யார் போனது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கடிதத்தில் இருந்ததை டீச்சர் பிறகு சொன்னார். முதலில் மதுரை விலாசத்துக்குத் தந்தி அடித்திருக்கிறார்கள். அது இவர் அங்கிருந்து புறப்பட்ட பிறகு போயிருக்கிறது. உடலை எரித்தாகிவிட்டது. அஸ்தியை மட்டும் புதைக்காமல் வைத்திருக்கிறார்கள். இன்ன சனிக்கிழமை வரை உனக்காகக் காத்திருப்போம், வருவதானால் ஒரு தந்தி அடி, இன்னும் தள்ளிப் போடலாம் என்று அக்கா எழுதியிருந்தார். அந்தச் சனிக்கிழமை, கடிதம் வந்த ஏழாம் நாள். நானும் டீச்சரும் நீ கொடு, நான் கொடு என்று நின்ற அதே நாள். அஸ்தி கரைக்கப் பிள்ளை வராமல் போவது என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவர் அதே ரயிலில் போனார். படலை வரை டீச்சர் பின்னால் போய் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். என்னிடம் போய் வரட்டுமா என்று கேட்கவில்லை. கொழும்பில் இறங்கி எந்தப் பக்கம் போனார் என்பது எங்களுக்குத் தெரியாது.

அந்த வீடு இப்போது, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த டீச்சரின் மகளுடைய விடுதி. ஆறு அறைகள். நான் இன்னும் அங்கே சமையல் செய்கிறேன். இப்போதும் பை சுமந்தவர்கள் வருகிறார்கள், மலிவான அறை கேட்கிறார்கள், பாண் தின்கிறார்கள். ஆனால் தண்ணீருக்கு முன் கேட்பது வைஃபை. போன வருஷம் ஒரு பெண் முட்டைப் பொரியலுக்குக் கரண்டியை எடுத்தவள், கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் குனிந்துவிட்டாள். தாத்தா என்றாள். செய்திக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. காய்ச்சலா, சாப்பிட்டாளா என்று பார்க்கவும் ஆளில்லை, மறைத்து வைக்கவும் ஆளில்லை. எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துரைசாணி போய் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய அக்காவிடமிருந்து டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள், இப்போது தாயோடு இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். கடிதம் ஏன் பிந்தியது என்று கேட்டால் பேசாமல் எழுந்து போய்விடுகிறாளாம். இழவு நடந்த அமளியில் அக்கா அந்தக் கடிதத்தைத் தபாலில் போட இரண்டு நாள் பிந்திவிட்டாராம். அந்த இரண்டு நாளால்தானா எல்லாம் கெட்டது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

டீச்சர் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினார். எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆழ்ந்த அனுதாபம், இந்த நாட்டில் மழைக்காலத்தில் தபால் பிந்துவது வழக்கம், உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நல்ல கடிதம்தான். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அடுப்பில் பருப்பு இருந்தது, ஆனாலும் போகவில்லை.

"என்ன நிக்கிறாய்?" என்றார் டீச்சர்.

"ஒம்பது நாள் நாங்கதான் வச்சிருந்தோம்னு எழுதுங்க டீச்சர்."

"அந்தப் பிள்ளையே சொல்லேல்லை. நாங்கள் ஏன் சொல்லுவான்? நாளைக்கு இந்த வீட்டுக்கு ஆர் வருவினம்?"

"அந்த அக்கா ரெண்டு நாளயே நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. சாகுற வரைக்கும் நெனப்பாங்க."

நான் அவ்வளவு நீளமாகப் பேசி டீச்சர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து மெதுவாக எழுதினார். மூன்று நான்கு வரிகளுக்கு மேல் இல்லை. வாசித்துக் காட்டவில்லை. ஒன்பது என்பதை மட்டும் இலக்கத்தில் எழுதியிருந்தார், அது எனக்கு வாசிக்கத் தெரியும். அடியில் தன் பெயரைப் போட்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை.