ஜெபகுமாரி மறைத்த ஏழாவது நோட்டு

புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கும் ஜெபகுமாரி, பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ரசலையனைக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்துக்கு வந்த மருமகள்தான். ஆனாலும் அங்கே யாருக்கு யார் என்ன உறவு என்று அவளிடம்தான் கேட்பார்கள். பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, சபை சபையாகப் போய், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பதிவேடுகளைப் பார்த்து ஏழு நோட்டுகள் எழுதியிருந்தாள். விருந்து வீடுகளில் "அத ஜெபகுமாரிகிட்ட கேளு" என்று யாராவது சொன்னால், காதில் விழாதவள்போல் இலையைப் பார்த்துச் சாப்பிடுவாள். அந்த ஒரு பேச்சைக் கேட்கவே சில கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள்.

போன வருடம் ரசலையனின் தம்பி மனைவி ஸ்மைலின் குவைத்திலிருந்து திரும்பி வந்தாள். அங்கே மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்த்தவள்.

"அக்கா, உங்க நோட்டெல்லாம் தாருங்க. ஸ்கேன் செய்து வைப்போம். கறையான் கேறுனா எல்லாம் போச்சுல்லா?"

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஜெபகுமாரி ஆறு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். ஏழாவதை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் தள்ளி வைத்தாள். குடும்பத்துக்குள் வந்த பெண்கள் எந்த ஊர், யார் மகள் என்று தீர விசாரித்து எழுதியது அதில்தான் இருந்தது. யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"இவ்வளவுதானா அக்கா?"

"இவ்வளவுதான்."

மூன்று மாதம் கழித்து ஸ்மைலின் லேப்டாப்போடு வந்தாள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம். "இதப் பாருங்க" என்று காலரா என்று தட்டினாள். நொடியில் பதினோரு பெயர்கள் வந்து நின்றன. அத்தனை பேரையும் தன் கையால் எழுதியவள் ஜெபகுமாரி. ஆனால் காலராவில் போனவர்கள் பதினோரு பேர் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்மைலினுக்குப் பாராட்டு குவிந்தது. ஜெபகுமாரியின் பெயரும் ஓர் ஓரத்தில் இருந்தது, 'உதவி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

சில நாள் கழித்து, ஸ்மைலின் அனுப்பிய வம்ச வரைபடத்தில் ஒரு தப்பு அவள் கண்ணில் பட்டது. ரசலையனின் பூட்டி செல்லபாய் பிறந்த ஊர் இராஜாக்கமங்கலம் என்று போட்டிருந்தது. மூன்றாவது நோட்டில் ஜெபகுமாரியே அப்படி ஊகித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். பிறகு கல்யாணப் பதிவேட்டைப் பார்த்து, செல்லபாய் பூதப்பாண்டிப் பக்கத்தவள் என்று ஏழாவது நோட்டில் எழுதினாள். ஸ்மைலின் அந்தக் கேள்விக்குறியைக் கவனிக்கவில்லை. ஜெபகுமாரிக்கு அன்று மதியச் சோறு ருசித்தது. போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடும்பக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வோம் என்று வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சபை மண்டபத்தில் கூட்டம். இருநூறு பேர் வந்திருந்தார்கள். இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு வேனும் வந்து நின்றது. ஸ்மைலின் அந்த ஊரில் விசாரித்து, செல்லபாயின் பிறந்த வீடு என்று ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து அழைத்திருந்தாள். ஒன்பது பேர் மட்டி வாழைப்பழக் குலைகளோடு இறங்கினார்கள். அவர்களில் மூத்தவரான ஜேசுதாஸ் மைக்கைப் பிடித்தார்.

"எங்க தாத்தாக்க அக்கா பேரு செல்லபாய். ஒரு சபை உபதேசியாருக்குக் கெட்டிக் குடுத்தாங்க. பெறவு ரெண்டு வீட்டுச் சண்டையில போக்குவரத்து நின்னு போச்சு. தாத்தா சாவுற வரைக்கும் அவியளத் தேடுனாரு. இன்னைக்குத்தான் எங்களுக்குக் கிடைச்சாவ."

மண்டபம் முழுக்க ஸ்மைலினைப் பார்த்துக் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் ஜெபகுமாரியை எழுப்பி விட்டது. பையிலிருந்து ஏழாவது நோட்டை எடுத்துக்கொண்டு மைக் அருகே போனாள்.

"இது தப்பு. இவிய சொல்லுத செல்லபாய் வேற. நம்ம செல்லபாய் பூதப்பாண்டிப் பக்கம். உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்டவளும் இல்ல. பதிவேட்ட நானே பாத்தேன். இதுல இருக்கு."

ஸ்மைலின் நோட்டைப் பார்த்தாள். "இந்த நோட்ட நான் பாத்ததில்லியே அக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

ஜேசுதாஸ் ஜெபகுமாரியின் பக்கம் திரும்பினார். "அப்ப எங்க செல்லபாய் எங்கம்மா?"

"எனக்குத் தெரியாது."

வேனில் வந்தவர்கள் சாப்பிட்டார்கள். பாயசத்துக்கு இருக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் ரசலையன், "அவகிட்டத் தனியாட்டு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

மறுநாள் காலை ஸ்மைலின் வந்தாள். சண்டைக்குத் தயாராக இருந்தாள் ஜெபகுமாரி. ஸ்மைலின் நோட்டை மட்டும் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகப் போனில் எடுத்தாள்.

"உங்க நோட்டுலயே இதுதான் நல்ல நோட்டு. ஏன் அக்கா தரல்ல?"

"எல்லாத்தையும் நீ எடுத்துட்டா, பெறவு எனக்கு என்ன இருக்கு?"

ஸ்மைலின் டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜேசுதாஸின் கேள்வி ஜெபகுமாரியை விடவில்லை. அவரிடம் அந்த உபதேசியாரின் பெயரைக் கேட்டு வாங்கினாள். ஜனவரி முதல் மறுபடியும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறினாள். ஸ்மைலினிடம் மூச்சு விடவில்லை. ஏப்ரலில், ஆறாவதாகப் போன சபையின் அடக்கப் பதிவேட்டில் கிடைத்தது: செல்லபாய், உபதேசியார் மனைவி, பிறந்த ஊர் இராஜாக்கமங்கலம், 1943. தகவல் சொன்னதும் ஜேசுதாஸ் வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். கல்லறையில் கல் இல்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில் குட்டியார் காட்டிய இடத்தில் நின்று ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஜேசுதாஸ் போன் செய்தார். "ஸ்மைலினுக்கும் ஒரு நன்றி சொல்லிரலாம்னு கூப்பிட்டேன். 'எனக்கு இதுல ஒரு பங்கும் இல்ல, எல்லாம் எனக்க அக்காதான்'னு சொல்லுதா. நல்ல பிள்ள."

ஜெபகுமாரிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இதிலும் ஸ்மைலினே நல்ல பெயர் வாங்கிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. சாயந்தரம்வரை அதையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஸ்மைலினைக் கூப்பிட்டாள்.

"அந்த அடக்கப் பதிவேட்ட போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அனுப்பட்டா?"

"அனுப்புங்க அக்கா. யாருக்க பேர்ல ஃபோல்டர் போடட்டு?"

"எனக்க பேர்ல போடு" என்றாள் ஜெபகுமாரி. "முழுப் பேரா போடு."