கரி பஸ்ஸும் கம்மாக்கரைக் குதிரையும்

கண்டக்டர் வேலைன்னா டிக்கெட்டுக் கிழிக்கிறதுன்னு நெனச்சுத்தான் சேந்தேன். பஸ்ஸைத் தள்ள ஆள் சேக்கிற வேலைன்னு சேந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. சண்டைக்காலம், பெட்ரோல் கெடையாது. பஸ்ஸு முதுகுல ஆளுயர உருளை ஒண்ணைக் கட்டி, அதுல அடுப்புக்கரியைப் போட்டுக் கொளுத்தி, அந்தப் பொகையில வண்டி ஓடும். ஓடும்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அருப்புக்கோட்டையில கெளம்பி திருச்சுழி வழியா நரிக்குடி போற ரூட்டு நம்மளுது. அதுல வெள்ளை வேட்டியோட ஏறி, கரிமூட்டை மாதிரி எறங்குனவுக யாராச்சும் இதைப் படிச்சா, என்னைத் திட்டாதீக. நானும் உங்க கூடத்தான் தள்ளுனேன்.

திருச்சுழி தாண்டி ஒரு கம்மாக்கரை மேடு. அதுல ஏறயில பஸ்ஸுக்கு மூச்சு முட்டிரும், நின்னுரும். நிக்கிற எடத்துக்கு நேரா அய்யனார் குதிரை. செங்கலும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது. முன்னங்காலு ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிக்கும். மேல அய்யனாரு மீசையோட உக்காந்திருப்பாரு. பக்கத்துப் பனையே அவரு தோளுக்குத்தான் வரும். பின்பக்கமா கால் வச்சு ஏற, செங்கலை வரிசையா நீட்டி விட்டிருப்பாக.

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. தூர தேசம் போறவுக, “நல்லபடியாத் திரும்பி வந்து நானே ஏறி மாலை போடுறேன்”னு நேந்துக்கிட்டுப் போவாக. திரும்பி வரலைன்னா, கூடப் பொறந்தவன் ஏறி, அவுக பேரைச் சொல்லி மாலையைப் போட்டு நேர்த்தியை முடிச்சுரணும். முடிச்சா அந்த ஆளும் முடிஞ்சுது, அப்புறம் யாரும் அவரைத் தேட மாட்டாக. எங்க அண்ணன் அப்படி நேந்துக்கிட்டு ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனவன். அங்க குண்டு விழுந்த பெறகு சேதி இல்லை. அவனுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால நான் அந்தக் குதிரை மேல ஏறவே மாட்டேன். தெனம் ரெண்டு தடவை அதுக்கு முன்னால நிக்கிற பொழப்பு எனக்கு!

மிளகாய் வியாபாரி போன சவாரி

பஸ்ஸு நின்னா டிரைவர் செல்லையா அண்ணாச்சி எறங்கி உருளையைக் கிண்டுவாரு. சனம் எறங்கிக் குதிரை நெழலுக்குப் போயிரும். உச்சி வெயில்ல கரிசக்காடு பூராவும் கானல் ஓடும். குதிரையோட பின்னங்காலு ரெண்டும் அந்தக் கானல்ல கரைஞ்சுபோயி, ஒடம்பு மட்டும் அந்தரத்துல நிக்கும். பாத்துக்கிட்டே இருந்தா, அது நடக்குதா, நாமதான் நகர்றமான்னு தெரியாது. எனக்குக் கண்ணு சொக்கும்.

பாலவனத்தத்து மிளகாய் வியாபாரி ஒருத்தரு, நல்ல கனத்த ஒடம்பு, “மேல காத்து வரும்”னு சொல்லி ஏறிட்டாரு. “நீரும் வாரும்யா”ன்னு என்னையும் கூப்பிட்டாரு. வரலைன்னேன். “கண்டக்டருக்கு ஒசரம்னா பயம்”னு பஸ்ஸே சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். பஸ்ஸு கெளம்பி ரெம்பத் தூரம் போன பெறகுதான் அவரு எடம் காலியா இருக்குன்னு பாத்தேன். அட கடவுளே! வந்த வழியே ஓடுனேன். மனுசன் அய்யனாருக்குப் பின்னால, அவரு இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கொறட்டை விட்டுக்கிட்டிருக்காரு. கீழ நின்னு தொண்டை கிழியக் கத்துனேன். கண்ணைத் தொறந்து நாலு பக்கமும் பாத்தாரு, மொகம் சுருங்கிப்போச்சு.

“ஏன்யா எழுப்புனீரு? இப்பத்தானே ராமநாதபுரம் தாண்டுனோம்!”

வாசல்ல நின்ன பொண்ணு

அருப்புக்கோட்டை நெசவுக்காரப் புதுமாப்பிள்ளையும் பொண்ணும் ஒருநா வந்தாக. நரிக்குடிப் பக்கம் சொந்தக்காரவுக வீட்டு விருந்துக்கு. ரெண்டு பேரும் வீட்டுல பேசுறது கன்னடம். பஸ்ஸுல எல்லாருக்கும் முன்னால தமிழ்ல பேசிக்கிட்டாக. அந்தப் புள்ளைக்கு ஊரை விட்டு இம்புட்டுத் தூரம் வந்தது அதான் மொதத் தடவை போல. கண்ணு கலங்கி ஒக்காந்திருந்துச்சு. பஸ்ஸு நின்னதும் குதிரை முன்னால போயி, குளம்பைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, அண்ணாந்து சாமி மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பொம்பளைக ஏறுறது அங்க வழக்கமில்லை. “சாமி என்னத்தப் பாக்குது?”ன்னு புருசன்கிட்டக் கேட்டுச்சு. அவன் ஏறிட்டான்.

மேல நின்னு ஒவ்வொண்ணாச் சொன்னான். காஞ்ச கம்மாய். கம்மாய்க்குள்ள ஆடு. அங்கிட்டுத் திருச்சுழிக் கோபுரம். அதுக்கு அங்கிட்டு ஒரே வெள்ளையா வெயிலு. “நம்ம வீடு தெரியுதா?”ன்னு பொண்ணு கீழயிருந்து கேட்டுச்சு. அருப்புக்கோட்டை எங்க கெடக்கு, இந்தக் குதிரை எங்க நிக்கிது! “தெரியுது”ன்னான் பயபுள்ள, கூசாம. “வாசல்ல யாரு நிக்கிறா?”ன்னு கேட்டுச்சு. அவன் கையை நெத்தியில வச்சுக்கிட்டு ரெம்ப நேரம் பாத்தான். நான் ஏறிப் பாத்தா ரங்கூன் தெரியுமான்னு ஒரு நெனப்பு, கிறுக்குத்தனமா. அதுக்குள்ள அவன் பதில் சொல்லிட்டான்.

“நீதான் நிக்கிற!”

ரங்கூன்ல இருந்து நடந்து வந்தவரு

திருச்சுழியில ஒருத்தரு ஏறுனாரு. எலும்பும் தோலுமா இருந்தாரு, கால்ல துணி சுத்தியிருந்துச்சு. மேட்டுல பஸ்ஸு நின்னதும் நேராப் போயி குதிரையில ஏறுனாரு. கையில மாலை கெடையாது. கீழ பூத்திருந்த ஆவாரம்பூவைப் பறிச்சு மடியில கட்டிக்கிட்டுப் போயி அய்யனாரு மடியில போட்டாரு. தன் பேரைச் சத்தமாச் சொன்னாரு. செல்லையா அண்ணாச்சி வண்டி சரியான பெறகும் கெளப்பாம நின்னாரு.

எறங்கி வந்ததும் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். அரிசி மில்லு பேரைச் சொன்னேன், அண்ணன் பேரைச் சொன்னேன், வலது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்னு சொன்னேன். பாத்தேன்னு ஒரு வார்த்தை பொய்யாவாச்சும் சொல்ல மாட்டாரான்னு இருந்துச்சு. என்னையவே பாத்தாரு, பாவம்.

“காட்டுல ஆயிரக்கணக்கான சனம் நடந்துச்சு, தம்பி. யாரும் யாரு மொகத்தையும் பாக்கலை. முன்னால போறவன் காலைப் பாத்துத்தான் நடந்தோம்.”

அன்னைக்குன்னு பாத்து ஓடுன பஸ்ஸு

சண்டை முடிஞ்சு ரெண்டு மழையும் பேஞ்சிருச்சு, பெட்ரோல் மட்டும் இன்னும் வந்து சேரலை. எனக்குப் பொண்ணு பேசி முடிச்சாக. சொந்தக்காரவுக எல்லாம் கூடி, பெரியவன் நேர்த்தியை முடிக்காம சின்னவனுக்குப் பந்தக்கால் ஊனக்கூடாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னாக. மறுநா காலையில அம்மா திருச்சுழியில பஸ்ஸுல ஏறி, மொத சீட்டுல ஒக்காந்துக்கிருச்சு. மடியில வாழை எலை சுத்துன மாலை.

இன்னைக்கு ஒருநா நிக்காம ஓடிரு தாயின்னு பஸ்ஸைக் கும்பிட்டேன். நீங்க நம்ப மாட்டீக, ஓடுச்சு! அந்த மேட்டுல மூக்கால அழுகுற வண்டி அன்னைக்கு வழுக்கிக்கிட்டு ஏறுது. குதிரை கிட்ட வந்து, பக்கத்துல வந்து, தாண்டியும் போகுது. அம்மா திரும்பி என்னையப் பாத்துச்சு. “விசிலை ஊதுலே”ன்னுச்சு. ஊதுனேன், வண்டி நின்னுச்சு.

மாலையை வாங்கிக்கிட்டுக் குதிரையில ஏறுனேன். மேல போகப் போகச் சத்தமெல்லாம் அடங்கிருச்சு. அய்யனாரு மொகம் பக்கத்துல பாத்தா அம்மாம் பெருசு. கண்ணு என்னையத் தாண்டி எங்கயோ பாக்குது. கம்மாயில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு, அதுல மேகம் போச்சு. அந்த மேகத்தோட குதிரையும் போச்சு, நானும் போனேன். எம்புட்டு நேரம்னு தெரியலை. அண்ணன் எனக்கு முன்னால ஒக்காந்து குதிரையை ஓட்டுற மாதிரியே இருந்துச்சு. எறங்க மனசில்லை. மாலையைத் தூக்கிட்டேன், அவன் பேரைச் சொல்ல வாயைத் தொறந்துட்டேன், அழுகைதான் வருது. கீழயிருந்து அம்மா சத்தம் போட்டுச்சு. பஸ்ஸுல இருந்த சனம் பூராவும் எட்டிப் பாத்துச்சு.

“ஏலே, நிறுத்து! அவன் பேரைச் சொல்லாத! உன் பேரைச் சொல்லிப் போடு. தெனம் இந்தக் கரி பஸ்ஸுல போயி உசுரோட திரும்பி வாரியே, அது போதாதா நேர்த்திக்கு? பெரியவன் பேருக்கு அவனே வந்து ஏறட்டும்!”

என் பேரைச் சொல்லித்தான் மாலையைப் போட்டேன். எத்தனையோ பேரை எடமில்லைன்னு வாசல்லயே எறக்கி விட்ட கண்டக்டரு நான், அந்தக் குதிரை முதுகுல ஒரு சீட்டை மட்டும் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் குடுக்காமப் பிடிச்சு வச்சிருக்கேன்.