தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா?

நோயாளியோடு வருகிறவருக்கு ஆஸ்பத்திரியில் ‘அட்டெண்டர்’ என்று பெயர். சம்பளம் இல்லை, லீவு இல்லை, திட்டு மட்டும் உண்டு. எம்.ஏ. படித்துக்கொண்டே நான் பார்க்கும் உத்தியோகம் இதுதான். மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டிய அப்பாவுக்கு, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

பன்னீர் சோடா

தி. நகர் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோவுக்கு நாள் குறித்த நர்ஸ், எல்லோருக்கும் ஒப்பிப்பதைப் போல, “இன்னிலேர்ந்தே நிறைய தண்ணி குடிங்க” என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் டம்ளரில் அளந்து குடித்த மனிதருக்கு அது வரம். நான் மருந்துக்கடையில் நின்ற நேரத்தில் ரெண்டு பன்னீர் சோடாவும் ஒரு பாட்டில் தண்ணீரும் உள்ளே போய்விட்டன.

மறுநாள் அப்பாவுக்கு மூச்சிரைக்க, வழக்கமான டயாலிசிஸ் சென்டருக்குப் போனோம். எடை பார்த்த டெக்னீஷியன் சொன்னார்: “இன்னா நைனா, தண்ணி லாரியா நீ? இப்டி ரொப்பிக்கினு வந்துகீற?”

அவங்க பாத்துப்பாங்க

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து, சிறுநீரகமே வேலை செய்யாதவருக்கு என்ன ஆகும்? உடம்பிலேயே தங்கினால் ரத்த அணுக்கள் சரியும், சாதாரணக் காய்ச்சலே ஆளை அடித்துவிடும். கீமோ ஏறியதும் அவசரமாக டயாலிசிஸ் செய்தால் மருந்தும் சேர்ந்து கழுவப்பட்டுப் போகலாம். “அவங்க பாத்துப்பாங்க” என்று கீமோ டாக்டர் கிட்னி டாக்டரைக் கேட்கச் சொன்னார். கிட்னி டாக்டரும் அதையே சொல்லி கீமோ டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். நடுவில் உருள நான் என்ன பந்தா?

கிட்னி டாக்டரின் அறை வாசலில் நின்று நியாயம் கேட்டேன். டோக்கன் கொடுப்பவர், டாக்டருக்குப் படிக்கிறேனா என்று விசாரித்தார். தத்துவம் என்றேன். “அதான் பாத்தேன்.”

ஸ்பீக்கர்

கிட்னி டாக்டரின் மேஜையிலேயே கீமோ டாக்டருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி வைத்தேன். முறைத்தார், ஆனால் பேசினார். மருந்தின் அளவு குறைந்தது, டயாலிசிஸ் எப்போது என்று முடிவானது, ரத்தப் பரிசோதனைகள் கூடின. கடைசியில் கீமோ டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இத்தனைக்குப் பிறகும் ஆபத்து உண்டு, போடாவிட்டால் கட்டி வளரும், முடிவு உங்களுடையது.

வெளியே வந்து, போடலாம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நானே மாறி மாறி வாதாடினேன். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அவங்க ரெண்டு பேரும் பேசிட்டாங்கல்ல? நீ கொஞ்சம் கம்முனு இரு கண்ணு. போட்டுக்கினு பாக்கலாம்.”

முதல் கீமோ ஏறிவிட்டது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொடும்போதெல்லாம் அவர் என் கையைத் தட்டிவிடுகிற வேகம்தான் இப்போதைக்கு எனக்குக் கிடைக்கிற ஒரே ரிசல்ட்.